பி0171 கோடு வந்தால் ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா? அது எப்படி வேலை செய்கிறது, எதனால் கெடுகிறது?

கேள்வி: வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் கார். சில மாதங்களாக அதன் இழுவை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டு வருகிறது. நிதானமாக ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் வண்டி தயங்கித் தயங்கித்தான் வேகமெடுக்கிறது. நிற்கும்போது ஐட்லிங் லேசாக ஏறி இறங்குகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது. இப்போது எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தபோது பி0171 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. பார்த்தவுடனேயே, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் போய்விட்டது, புதிதாக மாற்றிவிடலாம் என்றார்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். அந்தச் சென்சாருக்குள் சுழலும் பாகமோ உரசும் பாகமோ எதுவும் இல்லை என்று படித்தேன். அப்படியானால் அது எப்படித் தேய்ந்துபோகும்? இரண்டாவது, பி0171 என்பது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று மட்டும்தானே சொல்கிறது? குற்றவாளி இந்தச் சென்சார்தான் என்பதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: மின்சுற்று

வணக்கம் வழிப்போக்கன். முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கு வழி தானாகத் திறக்கும்.

பெட்ரோலை முழுமையாக எரிப்பதற்கு 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இங்கே கணக்கு எடையில்தான், கொள்ளளவில் அல்ல. கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 2000 மீட்டர் உயரமுள்ள மலைச் சாலையில் அதே ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 1 கிலோ காற்றுதான் இருக்கும். ஆகவே எத்தனை லிட்டர் காற்று உள்ளே போகிறது என்று மட்டும் அளந்தால், உயரத்துக்கும் வெயிலுக்கும் தனித்தனியே திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். 1970-களில் பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் அமைப்பில் இருந்த அளவி அப்படிப்பட்டதுதான்: காற்று ஒரு தகட்டைத் தள்ளும், தகட்டின் கோணத்தை ஒரு மின்தடைப் பாதையின் மீது நகரும் முள் அளக்கும். அந்தப் பாதை உண்மையாகவே உரசித் தேய்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் வந்த எல்.எச்.-ஜெட்ரானிக், அந்தத் தகட்டை எடுத்துவிட்டுச் சூடான கம்பியைக் கொண்டுவந்தது. இன்று நம் கார்களில் இருப்பவை பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

அதன் தத்துவம் இதுதான். காற்றுப் பாதையின் நடுவே மிக மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று, அல்லது அதே வேலையைச் செய்யும் மெல்லிய சூட்டுப் படலம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்திலேயே உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை உணரும் இன்னொரு மின்தடை இருக்கும். இவை இரண்டும், மின்தடையின் சிறு மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும் வீட்ஸ்டன் பாலச் சுற்றின் இரு கைகளாக இணைக்கப்பட்டிருக்கும். சூடான கம்பி எப்போதும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். வடிவமைப்பைப் பொறுத்து அந்த வித்தியாசம் 100 டிகிரி அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். காற்று அதிகமாக வீசினால் கம்பி குளிரும், குளிர்ந்தால் அதன் மின்தடை குறையும், பாலத்தின் சமநிலை குலையும், உடனே சுற்று கூடுதல் மின்னோட்டத்தைச் செலுத்திக் கம்பியைப் பழைய சூட்டுக்கே கொண்டுவரும். அந்த மின்னோட்டம் எவ்வளவு என்பதே, எவ்வளவு எடைக் காற்று கடந்தது என்பதன் அளவு. அடர்த்தியான காற்று அதிக வெப்பத்தைப் பறிக்கும், மெலிந்த காற்று குறைவாகப் பறிக்கும். ஆகவே உயரத்துக்கான திருத்தம் அளவீட்டிலேயே அடங்கிவிடுகிறது. எனக்கு இந்தக் கருவியின் மீது உள்ள மதிப்பெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

இன்னொரு நுணுக்கமும் தேவைப்படும். கம்பி இழக்கும் வெப்பம் காற்றோட்டத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, 1914-இல் எல். வி. கிங் வெளியிட்ட ஆய்வின்படி அது காற்றோட்டத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து கூடுகிறது. எனவே குறைந்த காற்றோட்டத்தில் மின்னழுத்தம் சட்டென்று ஏறும், அதிக காற்றோட்டத்தில் மெல்லத்தான் ஏறும். மேல் முனையில் மின்னழுத்தத்தில் ஏற்படும் ஒரு சிறு பிசகு, ஈ.சி.யூ.வின் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின்) கணக்கில் பல கிராம் காற்றாக விரிந்துவிடும். வண்டி நிதானமாக ஓடும்போது நன்றாகவும் முழு அழுத்தத்தில் மோசமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படல வகையில் இன்னும் ஒரு படி முன்னேற்றம் உண்டு. நடுவில் சூட்டுப் பகுதி, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்ப உணரி. காற்று அசையாதபோது இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும். காற்று ஓடினால் முன்னால் உள்ளது குளிரும், பின்னால் உள்ளது சூட்டுப் பகுதியிலிருந்து வரும் வெப்பத்தைப் பெறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவைச் சொல்லும், எது சூடு என்பது திசையைச் சொல்லும். வால்வுகள் திறந்து மூடுவதால் சில வேகங்களில் காற்று நொடிப்பொழுது பின்னோக்கி அடிக்கும். பழைய கம்பி வகைக்குத் திசை தெரியாததால் அதையும் உள்ளே வந்த காற்றாகவே எண்ணிவிடும்.

பதில்: பட்டறைக்காரர்

மின்சுற்று சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ‘எதனால் கெடுகிறது’ என்ற பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் தினமும் கையில் பார்ப்பது அதைத்தான்.

உரசும் பாகம் இல்லை என்று நீங்கள் படித்தது சரி. இந்தச் சென்சார் தேய்வதைவிட அழுக்குப் படிந்துதான் பெரும்பாலும் கெடுகிறது. ஏர் ஃபில்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மிக நுண்ணிய தூசு அதைத் தாண்டி வரத்தான் செய்யும். தூசு மட்டும் என்றால் பெரிய தொல்லை இல்லை. அதோடு எண்ணெய் சேரும்போதுதான் சிக்கல். சூடான எஞ்சினை அணைத்தவுடன் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் இருக்கும் எண்ணெய் ஆவி, அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக மேலேறி, ஓட்டமில்லாத இன்டேக் (காற்று நுழையும்) குழாயில் மெல்லப் பரவிச் சென்சார்வரை வந்து படிகிறது. அந்தப் பிசுபிசுப்பில் அடுத்த நாளின் தூசு ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர்களில் எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால், அது காற்றோடு கிளம்பி நேராகச் சென்சாரில் போய் விழும். ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக அமராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால், வடிகட்டாத காற்று அந்த இடைவெளியிலேயே நுழையும். ஃபில்டர் மாற்றிய சில வாரங்களில் சென்சார் கெட்டுவிட்டது என்று யாராவது வந்தால், நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்த மூடியின் விளிம்பைத்தான்; உட்புறம் சாம்பல் நிறக் கோடாகத் தூசு படிந்திருந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய கம்பி வகைகள் பலவற்றில் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. எஞ்சினை அணைத்த பிறகு, சுமார் ஒரு விநாடி நேரம் கம்பியை 1000 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, படிந்த அழுக்கை எரித்துவிடுவார்கள். படல வகை வந்தபோது இது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக உணரியை ஒரு சிறு கிளைப்பாதைக்குள் வைத்து, கனமான துகள்கள் நேராகப் போய்விடும்படி வளைவுகளை அமைத்தார்கள். அந்த ஏற்பாடு தூசுக்கு நன்றாகவே பலன் தருகிறது, எண்ணெய் ஆவிக்கு அவ்வளவாக இல்லை.

இப்போது முக்கியமான இடம். அழுக்குப் படிந்த சென்சார் ஒரே மாதிரி தவறுவதில்லை. காற்று வேகமாக ஓடும்போது அந்தப் படிவு ஒரு போர்வை போல வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கிறது. கம்பி குறைவாகக் குளிர்கிறது, சென்சார் உண்மையைவிடக் குறைந்த காற்றைச் சொல்கிறது. ஐட்லிங்கில் காற்று மெல்ல ஓடும்போதோ, பல சென்சார்களில் நிலைமை தலைகீழாகிறது: படிவு வெப்பத்தை இழக்கும் பரப்பைக் கூட்டிவிடுவதால், உண்மையைவிடச் சற்று அதிகக் காற்றைச் சொல்கிறது. எல்லாச் சென்சாரும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எல்லா நிலைகளிலும் குறைத்தே சொல்பவையும் உண்டு. ஆனால் கீழே கூட்டியும் மேலே குறைத்தும் சொல்லும் இந்தப் போக்கைப் பார்த்தால், சந்தேகம் முதலில் சென்சார் பக்கம்தான் போக வேண்டும்.

அழுக்கைத் தவிர, கனெக்டரின் பின்களில் பச்சை பூத்தல், எஞ்சின் அதிர்வால் ஒயர் உள்ளேயே அறுதல், எலெக்ட்ரானிக் சுற்று வெப்பத்தில் பழுதாவது ஆகியவையும் நடக்கும். அவை பெரும்பாலும் பி0102, பி0103 போன்ற, இந்தச் சென்சாரின் சுற்றையே குறிக்கும் நேரடிக் கோடுகளைக் கொண்டுவரும். உங்களுக்கு அவை வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்: வழிப்போக்கன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் கலவையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கிறதே, ஏர் ஃப்ளோ சென்சார் தவறாகச் சொன்னாலும் அது சரிசெய்துவிடாதா? பிறகு ஏன் இழுவை குறைய வேண்டும்?

என்னிடம் சிறிய ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. எந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் ஓட்டிப் பார்த்துக் குறித்துத் தருகிறேன்.

பதில்: மின்சுற்று

நல்ல கேள்வி. ஆக்ஸிஜன் சென்சாரின் திருத்தத்தைத்தான் ஃப்யூயல் ட்ரிம் என்கிறோம். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டெர்ம் ட்ரிம், அதிலிருந்து கற்றுக்கொண்டு சேமிப்பது லாங் டெர்ம் ட்ரிம். பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. நிதானமான ஓட்டத்தில் இந்தத் திருத்தம் கலவையைக் காப்பாற்றிவிடும், அதனால்தான் மாதக்கணக்கில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு, காற்றளவையும் சேமித்துவைத்த திருத்தத்தையும் மட்டும் நம்பி எரிபொருளைச் செலுத்துகின்றன. அந்த நேரத்தில் காற்றளவே தவறு என்றால், பிடித்து நிறுத்த ஆளில்லை. இன்னொன்றும் உண்டு: எஞ்சின் மீது இப்போது எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை ஈ.சி.யூ. இதே காற்றளவிலிருந்துதான் கணக்கிடுகிறது, அதை வைத்தே ஸ்பார்க் விழும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. ட்ரிம் பெட்ரோலைத் திருத்தும். ஸ்பார்க் நேரத்தைத் திருத்தாது.

பார்க்க வேண்டிய எண்கள்: எஞ்சின் நன்கு சூடான பிறகு, ஏ.சி. இல்லாமல் ஐட்லிங்கில் காற்றளவும் லாங் டெர்ம் ட்ரிம்மும். சீராக 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அதே இரண்டும்; மேட்டில் ஏறும்போது லாங் டெர்ம் ட்ரிம்; கடைசியாக, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்ணைக் குறிக்கச் சொல்லிவிட்டு, முழு அழுத்தத்தில் 4000 ஆர்.பி.எம்.மைக் கடக்கும் நொடியில் காற்றளவு. ஓட்டிக்கொண்டே ஸ்கேனரைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: வழிப்போக்கன்

தம்பியை உடன் அழைத்துச் சென்று எடுத்த அளவுகள் இவை. ஐட்லிங்கில் விநாடிக்கு 3.1 கிராம், லாங் டெர்ம் ட்ரிம் மைனஸ் 5 விழுக்காடு. சீராக 3000 ஆர்.பி.எம்.மில் பிளஸ் 11. மேட்டில் பிளஸ் 21. முழு அழுத்தத்தில் 4000 ஆர்.பி.எம்.மைக் கடந்தபோது விநாடிக்கு 42 கிராம். நாங்கள் இருப்பது ஏறத்தாழக் கடல் மட்டத்தில். காற்று 25 டிகிரி அளவில் இருந்தது.

பதில்: மின்சுற்று

இந்த எண்கள் மிகத் தெளிவாகப் பேசுகின்றன. கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். ஆக 1.6 லிட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர். 4000 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 3200 லிட்டர், விநாடிக்கு 53 லிட்டருக்குச் சற்று அதிகம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.18 கிராம். பெருக்கினால் விநாடிக்கு 63 கிராம். எந்த எஞ்சினும் இதை முழுமையாக நிரப்பிக்கொள்ளாது. டர்போ இல்லாத, நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இந்த வேகத்தில் 80 முதல் 90 விழுக்காடுவரை நிரப்பும் என்று கொண்டால், சென்சார் 50 முதல் 57 கிராம் வரை சொல்லியிருக்க வேண்டும். உங்களுடையது 42 சொல்கிறது, அதாவது 67 விழுக்காடு.

இங்கே மூன்று வாய்ப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டாலும் காற்றளவு 42 என்று வரலாம். ஆனால் அப்போது எஞ்சின் உண்மையாகவே குறைந்த காற்றைத்தான் உறிஞ்சுகிறது, சென்சார் உண்மையைச் சொல்கிறது, ஆகவே ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தால் மேட்டில் ட்ரிம் பிளஸ் 21 வரும். ஆனால் காற்றளவு 50-க்கு மேல் சரியாகவே இருக்கும். காற்றளவும் குறைந்து, ட்ரிம்மும் ஏறினால்தான், ‘காற்று உள்ளே போகிறது, சென்சார் அதை எண்ணவில்லை’ என்று பொருள். உங்கள் நிலை இந்த மூன்றாவது.

எண்ணாமல் விடுவதற்குச் சென்சாரின் அழுக்கைத் தவிர இன்னும் இரு காரணங்கள் உண்டு. சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றின் வழியைத் திறந்து மூடும் வால்வு) இடையே உள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்கம் கசியலாம், அதாவது சென்சாரைக் கடக்காத காற்று இடைவெளி வழியே உள்ளே இழுக்கப்படலாம். வேக்கம் கசிவு ஐட்லிங்கில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் மொத்தக் காற்றே குறைவான அந்த நேரத்தில் கசிவின் பங்கு பெரிது. ட்ரிம் ஐட்லிங்கில் பிளஸ்ஸில் உயர்ந்து, வேகம் கூடக் கூட இறங்கும். உங்களுக்கோ ஐட்லிங்கில் மைனஸ், மேட்டில் பிளஸ். பட்டறைக்காரர் சொன்ன அதே போக்கு. ஐட்லிங்கில் 3.1 கிராம் என்பதும் 1.6 லிட்டருக்குச் சற்று மிகுதியாகவே படுகிறது. ஆயினும் அந்த ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்துவிடுங்கள். எஞ்சின் முறுக்கும்போது மட்டும் திறக்கும் வெடிப்புகள் நின்ற நிலையில் கண்ணுக்குத் தெரியாது.

பதில்: பட்டறைக்காரர்

மின்சுற்று கணக்கைப் போட்டுவிட்டதால் நான் செய்முறையைச் சொல்கிறேன். புதிய சென்சார் வாங்குவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி எடுத்திருக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி, இரண்டு திருகுகளை எடுத்து, சென்சாரை நேராக மேலே இழுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே தனி ஸ்பிரே விற்கிறது, அதை மட்டும் பயன்படுத்துங்கள். கார்புரேட்டர் ஸ்பிரே பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கெடுக்கும். பஞ்சு, துணி, பிரஷ் எதுவும் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது. பழைய வகைகளில் கம்பியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, நகம் பட்டாலே போதும். கம்ப்ரெஸ்ஸர் காற்றும் வேண்டாம். கிளைப்பாதையின் இரு வாயிலும் நன்றாக அடித்து, தானாகவே உலரவிடுங்கள். ஈரத்தோடு சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்பிரே வெளியே வழியும்போது முதலில் பழுப்பாகவும் பிறகு தெளிவாகவும் வரும். பழுப்பு நின்ற பிறகும் ஒருமுறை அடிப்பது என் வழக்கம்.

திரும்பப் பொருத்தும்போது ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) முறுக்காமல் அமர்ந்திருக்கிறதா என்றும், சென்சாரின் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் நோக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், பெட்டியின் எல்லாக் கிளிப்புகளும் விழுந்தனவா என்று உறுதிசெய்யுங்கள்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. கழற்றினால் ஈ.சி.யூ. த்ராட்டில் கோணத்தையும் ஆர்.பி.எம்.மையும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டு ஓட்டும். கழற்றிய பிறகு வண்டி நன்றாக இழுத்தால் சென்சார் மீது சந்தேகம் வலுக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்களிடம் உள்ள எண்கள் அதைவிடப் பலமான சான்று.

பதில்: டீசல்வழி

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ட்ரிம்மைத் தேட வேண்டாம் என்பதற்காக ஒரு சிறு குறிப்பு. டீசல் எஞ்சினில் த்ராட்டில் கட்டுப்பாடு பெட்ரோலைப் போல இல்லை. காற்று மிகுதியாகவே இருக்கும், சக்தியை டீசலின் அளவே தீர்மானிக்கும். அங்கே இந்தச் சென்சாரின் முக்கிய வேலை, ஈ.ஜி.ஆர். வால்வு எவ்வளவு புகையைத் திரும்ப உள்ளே விடுகிறது என்று கணிப்பதும், கரும்புகை வராத அளவுக்கு டீசலுக்கு உச்சவரம்பு வைப்பதும்தான். காற்று குறைவு என்று சென்சார் தவறாகச் சொன்னால் ஈ.சி.யூ. டீசலைக் குறைத்துவிடும், வண்டி புகையே விடாமல் சோம்பிப்போகும்.

சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஏர் ஃப்ளோ சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் அளந்து காற்றைக் கணக்கிடும் எம்.ஏ.பி. சென்சார்தான் இருக்கும். ஸ்பிரே வாங்குவதற்கு முன் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் அந்தச் சென்சார் இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: மின்சுற்று

வழிப்போக்கன், சுத்தம் செய்து முடித்ததும் ஸ்கேனரில் கோட்டை அழியுங்கள். பெரும்பாலான கார்களில் அதோடு பழைய லாங் டெர்ம் ட்ரிம்மும் பூஜ்யமாகிவிடும். உங்கள் காரில் ஆகவில்லை என்றால் தனியாக ரீசெட் செய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால், சென்சார் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகும் ஈ.சி.யூ. பழைய 21 விழுக்காட்டைக் கூட்டி ஊற்றிக்கொண்டிருக்கும், சுத்தம் செய்தது பலிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். பிறகு ஐட்லிங், நிதான ஓட்டம், மேடு என்று எல்லா நிலைகளிலும் சில நாள் ஓட்டி, அதே அளவுகளை மீண்டும் எடுங்கள். முழு அழுத்தத்தில் காற்றளவு 50-க்கு மேல் ஏறி, ட்ரிம் மூன்று நிலைகளிலும் பத்துக்குள் அடங்கினால் புதிய சென்சார் தேவையில்லை. காற்றளவு 42-ஐ ஒட்டியே நின்று, ட்ரிம்மும் மறுபடி ஏறினால், ரப்பர் குழாயில் வெடிப்பு இல்லை என்பதையும் பார்த்துவிட்டுச் சென்சாரை மாற்றுங்கள். மாற்றுவதாக இருந்தால் பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்: மின்னழுத்தத்திலிருந்து கிராமுக்கு மாற்றும் அட்டவணை ஈ.சி.யூ.வுக்குள் எழுதப்பட்டிருக்கிறது, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் வேறொரு சென்சார் வேறு வளைகோட்டில் பேசினால், அது புதியதாகவே இருந்தாலும் உங்கள் ட்ரிம் மறுபடியும் இதே போல விலகத் தொடங்கிவிடும்.